எப்ப பெற்றோல், எப்ப கரண்ட்? ஒரு முடிவின் நூறு வருச வரலாறு

ஹைபிரிட் கார் எண்டால் எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறியஸ், அக்வா, வெசல் எண்டு 2010களில் வரிச் சலுகையோட வந்திறங்கி வீதியெல்லாம் நிறைஞ்ச கார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. இப்ப அடுத்த தலைமுறை வந்துகொண்டிருக்குது: வீட்டுப் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட்.

இந்த வண்டிக்குள்ள இரண்டு சக்தி இருக்கு. தாங்கியில் பெற்றோல், பற்றரியில் கரண்ட். ஒவ்வொரு நிமிசமும் வண்டி ஒரு முடிவு எடுக்க வேணும்: இப்ப எதைச் செலவழிக்கிறது, எதைச் சேமிக்கிறது? பொறியியல் பீடத்து நண்பர்கள் இதைச் ‘சக்தி முகாமைத்துவம்’ எண்டு சொல்லுவினம். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்கலாம். எங்களுக்கு இது சில்லும் வயரும் பற்றிய கதை மட்டுமில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் யாருடைய கையில் இருந்தது, அது யாரிட்டப் போனது, அதனால் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு எண்ட கதை. அந்தக் கதைக்கு நூற்றி இருபது வருசத்துக்கு மேல வயசு.

கையில் இருந்த காலம்

1900இல் வியன்னாவில் லோனர் எனும் வண்டிக் கம்பனியில் வேலை செய்த இளம் பொறியியலாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, சில்லுக்குள்ளேயே மோட்டார் பொருத்திய மின்சாரக் காரைச் செய்து பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பினார். கார் நல்லாத்தான் ஓடியது. ஆனால் ஈயப் பற்றரியின் பாரம் பெரிது, ஓடும் தூரம் சிறிது. அதற்கு அவர் கண்ட வழி, பற்றரியைச் சிறிதாக்கி, பெற்றோல் எஞ்சின் இரண்டை ஏற்றி, அவற்றால் மின்பிறப்பாக்கியைச் சுழற்றி மோட்டாருக்குக் கரண்ட் குடுப்பது. அந்த வண்டிக்கு அவர் வைத்த லத்தீன் பெயர் ‘செம்பர் விவுஸ்’. எப்போதும் உயிரோடு இருப்பது எண்டு அர்த்தம். பற்றரி செத்தாலும் வண்டி சாகாது எண்டதுதான் வாக்குறுதி.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ஹென்றி பீப்பர் இன்னொரு வழி பிடித்தார். எஞ்சினையும் மின் மோட்டாரையும் ஒரே அச்சில் பூட்டினால், ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது மோட்டார் கைகுடுக்கும். சமவெளியில் எஞ்சினுக்குச் சக்தி மிஞ்சும்போது அதே மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிப் பற்றரியை நிரப்பும். 1905இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1909இல் கிடைத்தது. இண்டைக்குப் பிறியஸ் ஏற்றத்தில் செய்யிற வேலையின் சாரம் அந்தக் காகிதத்திலேயே இருக்குது.

முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பச்சையாகப் பார்க்க வேணுமெண்டால் சிக்காக்கோவுக்குப் போக வேணும். வூட்ஸ் எனும் கம்பனி முதலாம் உலகப்போர்க் காலத்தில் ‘டுவல் பவர்’ எண்ட காரை விற்றது. ஸ்டியரிங்கிலேயே இரண்டு பிடிகள்: ஒன்று கரண்டுக்கு, மற்றது பெற்றோலுக்கு. மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர் வரைக்கும் கரண்டில் போகலாம். அதற்கு மேல எஞ்சின் வேணும். பற்றரியை நிரப்ப வேணுமெண்டால் பிடியை அதற்கேற்ற மாதிரி நகர்த்த வேணும். ஓட்டுநரே முகாமையாளர். எந்தச் சட்டமும் எந்தக் கணினியும் இடையில் இல்லை.

அது நிலைக்கவில்லை. 1912இல் கடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் வந்ததோடு, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் தொல்லை ஒழிந்தது. மின்சாரக் காரின் பெரிய சாதகம் அதோட போனது. ஃபோர்டின் மொடல் ரி வருசத்துக்கு வருசம் மலிந்துகொண்டே போனது. இரண்டு எஞ்சின் விலையில் மெதுவாக ஓடும் காரை யார் வாங்குவினம்? 1918ஓட டுவல் பவர் முடிந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தேவை வரவில்லை. பெற்றோல் மலிவு, புகை கணக்கில் இல்லை.

திரும்பக் கேட்டபோது

புகை கணக்கில் வந்தது 1970இல், அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தோட. சுத்தமான கார் செய்பவருக்கு அரசாங்கம் ஊக்கம் குடுக்கும் திட்டமொன்றும் தொடங்கியது. விக்டர் வூக் எனும் மின்பொறியியலாளர், நாவலாசிரியர் ஹேர்மன் வூக்கின் தம்பி, தன் பங்காளியோட சேர்ந்து 1972ஆம் ஆண்டு பியூயிக் ஸ்கைலார்க் ஒன்றை எடுத்து, அதன் பெரிய எஞ்சினைக் கழற்றிவிட்டு, மஸ்டாவின் சிறிய சுழல் எஞ்சினையும் ஒரு மின் மோட்டாரையும் பூட்டினார். 1974இல் அரசாங்க ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். புகையும் குறைந்தது, எரிபொருளும் குறைந்தது. இருந்தும் அதிகாரிகள் அந்தக் காரை ஏற்கவில்லை. 1976இல் திட்டமே மூடப்பட்டது. எண்ணெய் நெருக்கடி உலகத்தை உலுக்கிய அதே ஆண்டுகளில் இது நடந்தது எண்டதைக் கவனியுங்கோ. தொழில்நுட்பம் இல்லாமல் அது நிற்கவில்லை. அலுவலக மேசையில் ஒருவர் ‘வேண்டாம்’ எண்டதால் நின்றது.

தொண்ணூறுகள்: இரண்டு தீவுகள்

1993இல் ரொயோட்டா அடுத்த நூற்றாண்டுக்கான காரைத் தேடத் தொடங்கியது. தகேஷி உச்சியமடா தலைமையிலான குழு 1997 டிசம்பரில் பிறியஸை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. வூட்ஸ் காரின் இரண்டு பிடிகளும் இதில் காணாமல் போயின. அந்த இடத்தில் கோள் பற்சில்லுத் தொகுதி ஒன்று இருந்தது, எஞ்சினின் வலுவைச் சில்லுக்கும் மின்பிறப்பாக்கிக்கும் பிரிக்க. எவ்வளவு பிரிப்பது எண்டு கணக்குப் பார்க்க ஒரு கணினி. ஓட்டுநருக்கு மிஞ்சியது மிதிகட்டைதான்.

அதே தொண்ணூறுகளில் இன்னொரு தீவின் வடக்கு முனையில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், எங்கட அப்பாமார் அம்மாமார் தலைமுறை தங்கட கையாலேயே சக்தி முகாமைத்துவம் செய்தது. பெற்றோல் துளிக்கணக்கில். மண்ணெண்ணெய் ஓரளவு கிடைக்கும். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது, சூடான எஞ்சின் ஓடும். ஆனபடியால் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகையும் மணமும் இருமலும் தனிக்கதை. அரிய சக்தியை எந்த நிமிசத்தில் செலவழித்தால் பயன் கூட எண்ட கேள்விக்கு அந்தத் தலைமுறை சொன்ன விடை பொறியியல் ரீதியாகவும் சரியானது. அது பரிசுக்காகச் செய்த கண்டுபிடிப்பில்லை, தடை திணித்தது.

கணினி எப்படி யோசிக்கும்?

முதல் பிறியஸின் பற்றரி மிகச் சிறிது, இரண்டு யூனிற்றுக்கும் குறைவு. ஆனபடியால் அதன் விதியும் எளிது: பற்றரியை முழுக்க நிரப்பாதே, முழுக்க வடியவும் விடாதே, நடுவில் வைத்திரு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் அதிகம் வீணாகும். நிண்டு நிண்டு போகிற நகர நெரிசலில் மோட்டாரை விடு, வேகம் பிடித்தபின் எஞ்சினை எழுப்பு, பிரேக் பிடிக்கும்போது வரும் சக்தியைத் திரும்பப் பிடி. வீட்டில் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றி வைக்கிற மாதிரி. தாங்கி சிறிதெண்டால் மோட்டார் அடிக்கடி ஓட வேணும், ஆனாலும் குழாயில் தண்ணி நிற்காது.

இந்தக் காரைப் பிளக்கில் செருக வேண்டியதில்லை எண்டே ரொயோட்டா விளம்பரம் செய்தது. பலருக்கு அது நிம்மதி. சிலருக்கு எரிச்சல். இரண்டாம் தலைமுறைப் பிறியஸில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ‘கரண்டில் மட்டும் ஓடு’ எண்ட பொத்தான் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கார்களில் அதை வைக்கவில்லை. அங்கத்தைய ஆர்வலர்கள் தாங்களே வயர் இழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் கால்கார்ஸ் எனும் குழு இன்னும் ஒரு படி போய், 2004இல் வீட்டுக் கராஜ் ஒன்றில் வைத்துப் பிறியஸுக்குள் மேலதிக ஈயப் பற்றரிகளை அடுக்கி, சுவர்ப் பிளக்கில் சார்ஜ் ஏற்றிக் காட்டியது. டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அண்ட்ரூ பிராங்க் தொண்ணூறுகளிலிருந்தே தன் மாணவர்களோட இப்படியான கார்களைச் செய்து போட்டிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முடிவெடுக்கும் அதிகாரத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இவர்கள்.

கம்பனிகள் பிறகுதான் வந்தன. 2008 டிசம்பரில் சீனாவின் பி.வை.டி. தன் முதல் பிளக்-இன் ஹைபிரிட்டை விற்பனைக்கு விட்டது. 2010 டிசம்பரில் அமெரிக்காவில் செவ்ரோலே வோல்ட் வந்தது. வோல்ட்டின் பற்றரி 16 யூனிற், அதில் பத்து யூனிற் அளவைத்தான் கார் பாவிக்க விடும். அமெரிக்க அரசாங்கச் சோதனைப்படி 56 கிலோமீற்றர் கரண்டில் ஓடும், பிறகு எஞ்சின் எழும்பும். ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுபவருக்கு எஞ்சின் வாரக்கணக்கில் எழும்பவே தேவையில்லை. அப்படி நீண்டநாள் தூங்கினால் எஞ்சின் கெட்டுப்போகாமல் இருக்கக் கார் தானாகவே அதைச் சிறிது நேரம் ஓட்டும். தாங்கியில் பெற்றோல் பழசாகினால் அதையும் எரித்து முடிக்கும்.

‘முதலில் கரண்டை முடி, பிறகு பெற்றோல்’ எண்டது நேர்மையான விதி. ஆனால் எப்பவும் சிறந்த விதியில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது போன் பற்றரியை எப்படிப் பாவிச்சோம் எண்டு யோசியுங்கோ. கரண்ட் எத்தனை மணிக்கு வரும் எண்டு தெரிந்த நாளில் தாராளமாகப் பாவிச்சோம். தெரியாத நாளில் ஒவ்வொரு வீதமாக எண்ணிச் செலவழிச்சோம். முன்னால் என்ன இருக்கு எண்ட அறிவுதான் வித்தியாசம்.

காருக்கும் அதே. கரண்டில் 50 கிலோமீற்றர் ஓடும் ஒரு காரில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போறோம் எண்டு வைப்பம், ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ‘முதலில் கரண்ட்’ விதியில் ஆனையிறவு அளவில் பற்றரி முடிஞ்சிடும். பிறகு கிளிநொச்சிச் சந்தியிலும் வவுனியா பஸ் நிலையத்தடியிலும் நெரிசலில் எஞ்சினை உறும விட்டுக்கொண்டு நிற்க வேணும். வழியை முன்னமே அறிந்த கார், வெட்டவெளியான ஏ9இல் எஞ்சினைச் சீராக ஓட விட்டு, நகரங்களுக்குக் கரண்டை மிச்சம் பிடிக்கும். இதைக் கலப்பு உத்தி எண்டு சொல்லுறது. தூரம் பற்றரியின் எல்லையைத் தாண்டும்போது இதுதான் எரிபொருளைக் குறைக்கும்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் கணிதம் காருக்காகப் பிறந்ததில்லை. 1950களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் பெல்மன், முடிவிலிருந்து பின்னோக்கி வந்து ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்த தெரிவைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார். அதே காலத்தில் மொஸ்கோவில் லெவ் பொன்றியாகின் இன்னொரு வழியால் அதே மலையில் ஏறினார். பதினான்கு வயதில் அடுப்பு வெடித்துப் பார்வை இழந்தவர் அவர். அவருடைய அம்மாதான் கணிதப் புத்தகங்களை வாசித்துக் காட்டியவ. இரண்டு வல்லரசுகளும் ஏவுகணைக்கும் விமானத்துக்கும் பாவித்த அந்தக் கணக்கு, ஐம்பது வருசத்துக்குப் பிறகு காருக்குள் வந்தது.

பெல்மனின் முறைக்குப் பயணம் முழுதும் முன்கூட்டியே தெரிய வேணும், அது வீதியில் நடக்காது. 2000ஆம் ஆண்டையொட்டி ஜினோ பகனெல்லியும் அவரோட சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் ஒரு நடைமுறை வழி சொன்னார்கள்: பற்றரியில் இருக்கும் கரண்டுக்குப் பெற்றோல் கணக்கில் ஒரு விலை போடு. ஒவ்வொரு கணமும் எது மலிவோ அதை எடு. விலையைக் கூடப் போட்டால் கார் கஞ்சனாகும், பற்றரி நிரம்பியபடியே வீடு வந்து சேரும். குறைத்துப் போட்டால் ஊதாரியாகும். சரியான விலையைக் கண்டுபிடிக்கிறதுதான் முழு வித்தையும்.

சட்டம் போட்ட 25 கிலோமீற்றர்

இப்ப கதையின் முக்கியமான இடத்துக்கு வருவம். ஒரு பிளக்-இன் ஹைபிரிட் எவ்வளவு புகை விடும்? இதற்கு ஒற்றை விடை கிடையாது. ஓட்டுநர் சார்ஜ் ஏற்றினால் ஒரு கணக்கு, ஏற்றாவிட்டால் வேறு கணக்கு. ஆனால் வரி போடும் அரசாங்கத்துக்கு ஒரு எண் வேணும். ஐரோப்பாவில் அப்போது நடைமுறையில் இருந்த சூத்திரம் ஒரு ஊகத்தில் நின்றது: பற்றரி முடிந்தபின் ஓட்டுநர் சராசரியாக 25 கிலோமீற்றர்தான் பெற்றோலில் ஓடுவார், உடன திரும்பச் சார்ஜ் ஏற்றுவார்.

2013இல் ஐரோப்பாவுக்கு வந்த மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன்னை எடுங்கோ. கரண்டில் 52 கிலோமீற்றர் ஓடும் எண்டு சோதனை சொன்னது. சூத்திரப்படி 52 கிலோமீற்றர் புகையில்லாமல், 25 கிலோமீற்றர் புகையோட. ஓட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு சுத்தம். அந்தப் பாரமான வண்டிக்குக் கிடைத்த எண் கிலோமீற்றருக்கு 44 கிராம் காபனீரொட்சைட்டு, 100 கிலோமீற்றருக்கு 1.9 லீற்றர் பெற்றோல். சின்னக் கார்கூடக் கிட்ட வர ஏலாத எண்.

அந்த எண்ணில் வரிச் சலுகை தொங்கியது. நெதர்லாந்தில் கம்பனிக் காருக்கான வரி கிட்டத்தட்ட இல்லாமல் போனது. 2013 கடைசியில் அவுட்லாண்டர் ஆயிரக்கணக்கில் விற்றது. ஆனால் கம்பனிக் கார் ஓட்டுபவரின் கணக்கை யோசியுங்கோ. பெற்றோலுக்குக் கம்பனி காசு குடுக்கும், அதற்கு எரிபொருள் அட்டை கையில் இருக்கு. வீட்டில் சார்ஜ் ஏற்றினால் கரண்ட் பில் தன்னுடையது. பிறகு ஏன் செருகுவார்? சில வருசம் ஓடித் திரும்பி வந்த கம்பனிக் கார்களில் சார்ஜ் கேபிள் பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது எண்டு 2018இல் பிரித்தானியாவில் செய்தி வந்தது. அந்த வருசமே பிரித்தானியா பிளக்-இன் ஹைபிரிட்டுக்கான மானியத்தை நிறுத்தியது.

பெல்மனும் பொன்றியாகினும் சேர்ந்து செய்த கணக்கைப் பெற்றோல் அட்டை ஒன்று தோற்கடித்தது எண்டு சொன்னால் மிகையில்லை. கணினி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வெறும் பற்றரியை வைத்துக்கொண்டு அதால் வேறென்ன செய்ய ஏலும்?

2021இலிருந்து ஐரோப்பாவின் புதுக் கார்கள் உண்மையில் எவ்வளவு எரிக்கின்றன எண்டு தாங்களே பதிவு செய்ய வேணும். அந்தத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் அறிக்கை விட்டது. சாதாரணப் பெற்றோல், டீசல் கார்கள் காகிதத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடப் புகை விட்டன. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் விட்டது சராசரியாக மூன்றரை மடங்கு. 2025இலிருந்து ஊகத்தின் கணக்கைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் குடுத்த வரிச் சலுகை குடுத்ததுதான். அதைக் கட்டியது பஸ்ஸில் போனவரும் சைக்கிளில் போனவரும் சேர்ந்துதான்.

எங்கட பக்கம்

2022இல் எங்கட நாட்டில் சக்தி முகாமைத்துவத்தைச் செய்தது ஒரு கியூ.ஆர். குறியீடு. தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த 20 லீற்றரில் ஹைபிரிட் கார் ஓடிய தூரம், பழைய கார் ஓடியதைவிட எவ்வளவோ கூட. பிழைப்பே ஓட்டோவானவருக்கு 5 லீற்றர். பெற்றோல் செற்றடி வரிசையில் எல்லாரும் சமமாகத்தான் நிண்டோம், பெற்றது சமமில்லை. வண்டியின் வகையைப் பார்த்துப் பங்கிட்டார்கள், தேவையைப் பார்த்தில்லை.

இப்ப பிளக்-இன் ஹைபிரிட் வரும்போதும் அதே ஆபத்து இருக்கு. பெயர்ப்பலகையைப் பார்த்துச் சலுகை குடுத்தால், ஐரோப்பா பத்து வருசம் கட்டின விலையை நாங்களும் கட்டுவம், அதுவும் டொலரில் எண்ணெய் வாங்கிற நாடாக.

சார்ஜ் ஏற்றினாலும் எப்ப ஏற்றுறது எண்டது இன்னொரு கேள்வி. நேரத்துக்கு நேரம் விலை மாறும் எங்கட மின்கட்டண முறையில் மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரைக்கும் உச்சநேரம். வேலையால் வந்து, காரை நிறுத்தி, உடன செருகினால் சரியாக அந்த நேரத்தில் விழும், எண்ணெய் எரித்துக் கரண்ட் எடுக்கிற நேரத்தில். 10.30க்குப் பிறகு தேவை இறங்கும். பகலிலோ நிலைமை தலைகீழ்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைஞ்சதால், கூரைச் சூரியக்கலங்களைப் பகலில் நிறுத்தி வையுங்கோ எண்டு மின்சார சபையே கேட்டது. வேலைத்தலங்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் பகலில் செருக இடமிருந்தால் அந்த வெயில் வீணாகாது. காருக்குள் இருக்கும் கணினிக்கு இதொன்றும் தெரியாது. கட்டணம் போடுபவரும் பிளக் வைப்பவரும் தீர்மானிக்கிற விசயம் இது.

ஆனபடியால், வீட்டில யாரும் இந்தக் கார் வாங்கிற கதை எடுத்தாலோ, வரிச் சலுகை பற்றி விவாதம் வந்தாலோ, ‘லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?’ எண்ட கேள்வியோட நிற்க வேண்டாம். தினமும் எவ்வளவு தூரம் ஓடும்? எங்க செருகும்? எந்த நேரத்தில? அந்த கரண்டுக்குக் காசு யார் குடுப்பினம், பெற்றோலுக்குக் காசு யார் குடுப்பினம்? அரசாங்கத்திட்டக் கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கு: சலுகையைக் காரின் பெயருக்குக் குடுக்கிறீங்களா, அது உண்மையில் ஓடின விதத்துக்குக் குடுக்கிறீங்களா? ஓடின விதத்தைப் பதிவு செய்யும் வசதி காருக்குள்ளேயே வந்துவிட்டது. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறது இனி எங்கட வேலை.